தொட்டிமேட்டுப் பச்சை விளக்கு

"மின்கலத்தால் இயங்கும் கருவிகளுக்கு நிலைகாட்டும் விளக்கு பொருத்த வேண்டியதில்லை."

அளவைக் கருவிகள் பராமரிப்புக் கையேடு, விதி ஏழு, உட்பிரிவு (ஆ). எட்டாம் பக்கத்தின் முதல் வரி. அதற்கு முந்தைய உட்பிரிவு (அ), ஏழாம் பக்கத்தின் அடியில் இருக்கிறது: "இயங்கும் கருவி ஒவ்வொன்றின் முகப்பிலும், அது இயங்குகிறது என்பதைத் தொலைவிலிருந்தே காட்டும் விளக்கு ஒன்று எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும்."

இரண்டையும் எழுதியவன் நான்தான். பணியிலிருந்தபோது அணைக்கட்டுக் கருவிகள் பிரிவில் எனக்குக் கிடைத்த ஒரே இலக்கிய வாய்ப்பு அது. ஓய்வுபெற்ற பிறகு ஏழாம் பக்கம் எனக்கு நினைவில் நின்றது, எட்டாம் பக்கம் நிற்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மாலை

சின்னக்கானலில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேட்டில் ஊற்றுநீர் விழும் சிமெண்டுத் தொட்டி. தொட்டிக்கு அருகே, இரும்பு மூடி போட்ட குழிக்குள் நான் செய்த டைமர் பெட்டி. குழிக்கு வெளியே ஓர் இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் பச்சை விளக்கு ஒன்றைப் பொருத்தியிருந்தேன்.

பெட்டியின் வேலை எளியது. காலை ஐந்து மணிக்கு மேல் லயத்துக்கும், மாலை ஐந்து மணிக்குக் கீழ் லயத்துக்கும் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். லயம் என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். ஊற்று சிறியது. இரண்டு லயங்களுக்கும் ஒரே நேரத்தில் விட்டால் இரண்டுக்கும் வராது.

முந்தைய நாள் காலை பெட்டி தண்ணீரைத் திருப்பவில்லை என்று போன் வந்தது. நான் நம்பவில்லை. நேரில் வந்தேன். கீழ் லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் குடங்களோடு பின்னால் ஏறி வந்துவிட்டார்கள்.

மணி ஐந்து. பச்சை விளக்கு எரிந்தது. வால்வு திரும்பும்போது ஒரு 'டக்' கேட்க வேண்டும். கேட்கவில்லை. ஐந்து ஐந்து. கேட்கவில்லை.

"வெளக்கு நல்லாத்தான்யா எரியுது. தண்ணிதான் வரல" என்றார் பேச்சியம்மாள். பெட்டி வரும்வரை தண்ணீரைக் கையால் திருப்பிவிட்டு வந்தவர் அவர்.

"ஏ பேச்சியக்கா, அந்த வெளக்கைப் புடிச்சிக் கொடத்துல ஊத்து! நாங்க போயி ஒல வைக்கணும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியம்மாள் குழிக்குள் கையை விட்டு வால்வின் சிறு நெம்புகோலைத் திருப்பினார். கீழே குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. பச்சை விளக்கு எதுவும் நடக்காதது போல் எரிந்துகொண்டிருந்தது.

சும்மா இருப்பவர்

என்னை இதில் இழுத்துவிட்டவன் துரைசாமி. என் மனைவியின் அக்காள் மகன், அந்தத் தோட்டத்தில் ஃபீல்டு ஆபீசர். ஆடி மாதத்தில் ஒரு நாள், கேரளத்துச் சித்தூரில் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தான்.

"சித்தப்பா, நீங்க சும்மாதானுங்க இருக்கறீங்க?"

ஓய்வூதியம் வாங்குபவனிடம் யாரும் வேறு விதமாகப் பேச்சைத் தொடங்குவதில்லை.

விஷயம் இதுதான். தொட்டிமேட்டுக்கு ஏறிப்போக இருபது நிமிடம் ஆகும். நடுவில் ஒரு புல்மேடு. அங்கே யானைகள் நிற்கும். பேச்சியம்மாள் தினமும் இரண்டு முறை, அதிகாலை இருட்டு பிரியும் முன்னும் அந்தி சாயும் முன்னும், அதைக் கடக்க வேண்டும். அந்த வாரம் ஒரு யானை துரத்தியதில் விழுந்து முழங்கால் கெட்டுப்போனது.

"அந்தம்மா மறுபடி போயி ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா எம்பட தலைலதானுங்க உழுகும். மேட்டுல கரண்டும் இல்லீங்க. பேட்டரில ஓடற மாதிரி ஒரு டைமரு பண்ணிக் குடுங்க சித்தப்பா."

பேச்சியம்மாளுக்காகப் பேசுகிறான் என்று நினைத்தேன். பாதி சரி.

சமையலறைக் கடிகாரம்

பன்னிரண்டு மணி நேரத்தை எண்ணுவது கடினமில்லை. சிறிதளவு மின்சாரத்தில் எண்ணுவதுதான் கடினம்.

முதலில் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே செய்தேன். ஒரு டைமர் ஐ.சி. சில்லு, ஒரு மின்தடை, ஒரு கெப்பாசிட்டர். மின்தடை வழியே மின்சாரம் மெல்லக் கசிந்து கெப்பாசிட்டரை நிரப்பும். நிரம்பியதும் நேரம் முடிந்தது என்று அர்த்தம். சில நிமிடங்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். பன்னிரண்டு மணி நேரம் வேண்டுமென்றால் கெப்பாசிட்டர் மிகப் பெரிதாகவும், கசிவு மிகச் சிறிதாகவும் இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய கெப்பாசிட்டர் தன் பங்குக்குத் தானும் கசியும். ஒரு பக்கம் சொட்டுச் சொட்டாக ஊற்ற, மறுபக்கம் அதே அளவு ஒழுகும். என் மேசையில் ஒன்று மூன்று நாள் நிரம்பாமலே இருந்தது. பொறுமையில் அது எங்கள் தலைமை அலுவலகத்தை ஒத்திருந்தது.

மலை ஈரம் இன்னொரு தொல்லை. அங்கே பலகையின் மேல் படியும் பனியே ஒரு மின்தடையாகிவிடும். சித்தூர் வெயிலில் பன்னிரண்டு மணி காட்டுவது சின்னக்கானல் மூடுபனியில் எட்டும் காட்டலாம், பதினெட்டும் காட்டலாம்.

என் மனைவி சரஸ்வதி நான்காம் நாள் வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, ஒரு கடியாரத்த வாங்கிக் கட்டி உட்டா ஆகாதுங்களா? நம்ம சமையக்கட்டுல இருக்கறது ஒத்தச் செல்லுல வருசம் பூரா ஓடுதல்லொ?"

அவள் கோயிலுக்குப் போனதும் அந்தக் கடிகாரத்தைக் கழற்றினேன்.

அதற்குள் அரிசி மணியை விடச் சற்றே பெரிய ஓர் உலோகக் குப்பி. உள்ளே குவார்ட்ஸ் கல். அது நொடிக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் முறை அதிரும். ஈரம், வெயில் எதையும் பெரிதாக மதிக்காது. அந்த அதிர்வை இரண்டு இரண்டாக வகுத்துக்கொண்டே போகும் எண்ணி ஐ.சி.க்களைச் சேர்த்தால் பன்னிரண்டு மணி நேரம் தவறாமல் வந்துவிடும். மொத்தச் செலவு நாற்பது மைக்ரோ ஆம்பியர். டார்ச் விளக்குக்குப் போடும் பெரிய செல் நான்கு போட்டால், செல் முதுமையில் தானாகச் சாகும்வரை ஓடும்.

வால்வும் அப்படியே. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சொட்டுநீர்ப் பாசனக் கடையில் ஒரு வகை கிடைக்கிறது. நொடியில் ஒரு சிறு பகுதி நேரம் மின்சாரம் கொடுத்தால் திறந்துகொள்ளும், தலைகீழாகக் கொடுத்தால் மூடிக்கொள்ளும். நடுவில் எதுவும் கேட்காது.

பலகைக்கு வார்னிஷ் பூசினேன். காற்றுப் புகாத ஊறுகாய் டப்பாவுக்குள் வைத்து, செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் நான்கைப் போட்டு மூடினேன்.

பிறகு, முப்பத்து நான்கு ஆண்டுப் பழக்கத்தில், கை தானாகவே ஒரு விளக்கையும் சேர்த்தது. கீழ் லயத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி, இருபது மில்லி ஆம்பியர் குடிக்கும் நல்ல பிரகாசமான பச்சை விளக்கு. கருவி சாப்பிடுவதைப் போல ஐந்நூறு மடங்கு. கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை. விதிக்கு யார் கணக்குப் பார்ப்பார்கள்?

சமையலறையில் அதன்பின் மணி தெரியவில்லை. சரஸ்வதி குக்கர் விசிலை வைத்துச் சமாளித்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காததை அவள் எப்போது பயன்படுத்துவாள் என்பது எனக்குத் தெரியும்.

சொல்லக் கூடாத சொல்

சித்தூரிலிருந்து சின்னக்கானலுக்குப் போக, பொள்ளாச்சி, உடுமலை வழியாகத் தமிழ்நாட்டைக் கடந்து மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் என் பையைத் திறந்தார்கள். டப்பா, கம்பிகள், நான்கு பேட்டரிகள்.

"இது எந்தா சாரே?"

"டைமர்" என்றேன்.

உண்மையைச் சுருக்கமாகச் சொல்வது அரசுப் பணியில் ஊறிய பழக்கம். அதற்காக ஒரு மணி நேரம் மரநிழலில் உட்கார வைக்கப்பட்டேன். துரைசாமி போனில் பேசிய பிறகுதான் விட்டார்கள். அடுத்த முறைகளில் "வெள்ளம் திருப்புன்ன சாதனம்" என்றேன், தண்ணீர் திருப்பும் கருவி என்று மலையாளத்தில். யாரும் தொடவில்லை.

ஏழாம் பக்கம் பிறந்த கதை

அந்த விதி ஏன் வந்தது என்பதைச் சொல்லாமல் நகர முடியாது.

நான் பணியில் சேர்ந்த புதிதில், ஓர் அணையின் நீர்மட்டம் காட்டும் கருவி ஒரு மழைக்காலம் முழுவதும் செத்துக் கிடந்தது. யாருக்கும் தெரியாது. ஏனென்றால் பதிவேட்டில் தினமும் அளவு ஏறியது. எழுதியவர் மனசாட்சியுள்ளவர். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதக் கூசி, மழை பெய்த நாளில் கொஞ்சம் கூட்டியும் வெயிலடித்த நாளில் கொஞ்சம் குறைத்தும் எழுதியிருந்தார். வரைபடமாகப் போட்டால் அழகான வளைவு. ஆய்வுக்கு வந்த பொறியாளர் அதைப் பாராட்டிக் குறிப்பு எழுதிவிட்டுப் போனார்.

செத்த கருவி செத்ததாகத் தெரிய வேண்டும் என்று அப்போது தீர்மானித்தேன். பல ஆண்டு கழித்துக் கையேடு எழுதச் சொன்னபோது விளக்கு வந்தது.

சின்னக்கானலில் அதே விளக்கு, செத்த கருவியை உயிரோடிருப்பதாகக் காட்டிக்கொண்டு நின்றது. செல் இறங்கினால் முதலில் சக்தி இழப்பது வால்வுதான். விளக்குக்குக் கொஞ்சம் போதும், கடைசிவரை எரியும். பதினோரு நாளில் செல்லைக் குடித்து முடித்ததும் அதுவே.

திருத்திய கருவி

அன்று இரவு துரைசாமியின் குவார்ட்டர்ஸில் தங்கினேன். சித்தூருக்குப் போன் செய்து, கையேட்டை எடுத்துப் படிக்கச் சொன்னேன். சரஸ்வதி ஏழாம் பக்கத்தைப் படித்தாள்.

"அடுத்த பக்கத்துல உங்களுக்குன்னே எழுதி வெச்சிருக்கறீங்களே" என்று எட்டாம் பக்கத்தையும் படித்தாள். "அந்தக் கடியாரம் எப்பங்க வரும்?"

மறுநாள் விளக்கைக் கழற்றி, புது செல் போட்டுவிட்டு ஊர் திரும்பினேன். பெட்டி ஒரு நாளும் தவறவில்லை. மூன்று வாரம் கழித்து மீட்டரை எடுத்துக்கொண்டு போய்ச் செல்லை அளந்தேன். இறங்கவே இல்லை. என் பணிக்காலத்தில் இவ்வளவு சுத்தமாக ஒன்றைச் செய்ததில்லை. ஆளே வேண்டாத கருவி என்று துரைசாமியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அதத்தானுங்க மேனேஜரும் எழுதிட்டாரு" என்றான் அவன். "வால்வு பாக்கற வேலைக்கு இனி ஆளு வேண்டாமுன்னு மேலாபீசுக்கு. அந்தம்மாவ மறுபடி கொழுந்து பறிக்க அனுப்பச் சொல்லியாச்சுங்க."

அவன் குரலில் மகிழ்ச்சியில்லை. யானைப் பிரச்சினை தன் தலையிலிருந்து இறங்கியதில் ஒரு நிம்மதி மட்டும் இருந்தது. அதுதான் அந்த இன்னொரு பாதி.

பேச்சியம்மாளின் வீடு

மேல் லயத்தில் ஏழாவது வீடு. ஓர் அறை, ஒரு சமையல் மூலை. வரக்காப்பி கொடுத்தார். முழங்காலில் கட்டு. சுவரில் துணி உலர்ந்துகொண்டிருந்தது. அங்கே துணி நாள்கணக்கில் உலரும்.

"முட்டி எப்பிடி இருக்குங்க?" என்றேன்.

"மலைல ஏற எறங்கப் பொறுக்கும்யா. கூடையக் கட்டிக்கிட்டுச் சரிவுல எட்டு மணி நேரம் நிக்கப் பொறுக்காது. ரெண்டு நாள் போனேன். மூணாம் நாள் சூப்பர்வைசர் சொல்லிட்டாரு, முடியலன்னா எழுதிக் குடுத்துட்டுப் போ பேச்சின்னு."

எழுதிக் கொடுத்தால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது தோட்டத்தின் விதி. அவருக்கு முறையான ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. அந்த இரண்டு ஆண்டுக்குள் மகள் வீட்டுப் பக்கம் ஓர் இடம் பார்த்துக்கொள்வது அவர் கணக்கு.

"சொந்த ஊர்ல யாரும் இல்லீங்களா?"

"சங்கரன்கோயில் பக்கம் ஒரு புளியமரம் இருக்குய்யா. அதுல எனக்கு மூணுல ஒரு பங்கு. அது மேல ஏறி உக்காந்துக்கிடலாம்."

நான் யானையைப் பற்றி ஏதோ சொன்னேன். அந்த ஆபத்து இனி இல்லையே என்பதுபோல. அவர் என் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"யான என்னைய மலையடிவாரம் வரைக்குந்தான்யா வெரட்டுச்சு. நீங்க அதுக்கும் கீழ வெரட்டுதீக."

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வது போலச் சொன்னார்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். பச்சை விளக்கு போனதிலிருந்து லயத்தில் யாருக்கும் நம்பிக்கையில்லை. விடியும்முன் யாராவது வந்து கதவைத் தட்டுகிறார்கள். "பேச்சியக்கா, போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வா, பொட்டி ஓடுதான்னு." வேலை இல்லை என்று ஆன பிறகும் அவர் அதே இருட்டில், அதே புல்மேட்டைக் கடந்து போய் வருகிறார். கூலி மட்டும் கிடையாது.

நான் அந்த அறையை விட்டு வெளியே வந்து தொட்டிமேட்டைப் பார்த்தேன். இரும்புக் குழாய் மட்டும் நின்றது. கருவி இயங்கிக்கொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை. கருவி ஒழுங்காக ஓட, கிழவி நடந்துகொண்டிருந்தார்.

ஒரு பக்கம் குறைவு

அன்று பிற்பகலே விளக்கை மறுபடி பொருத்தினேன். ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கக்கூடிய செல்களின் ஆயுள் மறுபடி பதினோரு நாளாயிற்று. ஆகவே வாரத்துக்கு ஒரு முறை, நல்ல வெயில் ஏறிய பிறகு, துணைக்கு ஆள் இருக்கும் நேரத்தில், ஒருவர் மேலேறி நான்கு செல்லையும் மாற்றியே ஆக வேண்டும்.

மின்னியல் தெரிந்த வாசகர் இப்போது எழுந்து நிற்பார். விளக்கை விட்டு விட்டு மின்னச் செய்தால் அதே செல் பல மாதம் ஓடுமே என்பார். தெரியும். ஒரு மின்தடையும் ஒரு டிரான்சிஸ்டரும் போதும். ஆனால் விதி "எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும்" என்கிறது. விதியை மீற நான் யார்?

பிறகு பேச்சியம்மாள் பெயரில் மேலாபீசுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். கருவியின் விளக்கு லயத்துக்குத் தெரியும்படி எரிவது அவசியம், அதற்கு வாரந்தோறும் செல் மாற்ற ஒரு பொறுப்பாளர் அவசியம், அந்தப் பொறுப்பில் தான் தொடர வேண்டும், முடிவு வரும்வரை வால்வு பார்த்த பழைய நிலையே நீடிக்க வேண்டும். கடைசி வாக்கியம்தான் முக்கியம். நிலுவையிலுள்ள விண்ணப்பத்தை மீறி ஆளை இறக்க எந்த மேனேஜரும் தயங்குவார். முப்பது நாளுக்குள் பதிலளிக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. ஆதாரமாகக் கையேட்டின் ஏழாம் பக்க நகலை இணைத்தேன். அரசுத் துறையின் கையேடு தனியார் தோட்டத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் டைமருக்கு அவர்களிடம் விதியே கிடையாது. விதி இல்லாத அலுவலகத்துக்கு யாருடைய விதியும் இனிக்கும்.

துரைசாமி படித்துவிட்டு என்னைப் பார்த்தான். "சித்தப்பா, இது சரியா வருமுங்களா?"

"நீ பரிந்துரைன்னு ஒரு கையெழுத்துப் போடு. அந்தம்மா இருட்டுல ஏறறதும் நின்னு, ஆனை விசயமும் உந்தலைல இருந்து எறங்கிரும்."

போட்டான்.

பேச்சியம்மாள் கையெழுத்துப் போடும்முன் கேட்டார். "இங்கிலீசுல இருக்கு. பொய் எதும் எழுதலியேய்யா?"

"பொய் ஒண்ணும் இல்லீங்க. ஒரு பக்கம் மட்டும் வெக்கலீங்க. அவ்வளவுதானுங்க."

பிறகு எழுத்துக் கூட்டி, நிதானமாக, தன் முழுப் பெயரையும் எழுதினார்.

ஏழாம் பக்கத்தின் அடியில், அச்சகத்தார் தங்கள் வழக்கப்படி, "தொடர்ச்சி: எட்டாம் பக்கம்" என்று போட்டிருந்தார்கள். அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆவணத்தில் கை வைப்பது வேறு குற்றம்.

எண்பது செல்கள்

ஐப்பசி பிறந்த வாரத்தில் விண்ணப்பம் போனது. முப்பது நாள் கழிந்தது. நினைவூட்டல் அனுப்பினோம். இன்னொரு முப்பது நாள். நான் செய்த எந்தக் கருவியும் அவ்வளவு நீண்ட இடைவெளியை எண்ணியதில்லை.

பேச்சியம்மாள் வாரந்தோறும் வெயிலில் ஏறிச் செல் மாற்றினார். விடிகாலையில் யாரும் அவர் கதவைத் தட்டவில்லை. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "பச்ச எரியுது" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்தார்கள். பழைய செல்களை அவர் தூக்கிப் போடவில்லை. சன்னலோரம் நான்கு நான்காக நிறுத்தி வைத்தார். மார்கழியில் போன் செய்தார்.

"நாப்பது ஆச்சுய்யா. இன்னும் கடுதாசி வரல. வராட்டி என்ன பண்ணுதது?"

"வரலைன்னா நல்லதுதானுங்க. வர்ற வரைக்கும் வேல உங்களுதுங்க."

"வந்துட்டா?"

எட்டாம் பக்கத்தை யாராவது கேட்டால், ஒரே வரியில் எல்லாம் முடிந்துவிடும். அந்த வரியை நானே எழுதியிருந்தேன், சந்தேகத்துக்கு இடமில்லாமல். மேலாபீசில் என்னைப் போல் ஒருவர் இருந்தால் கேட்பார். ஒவ்வொரு அலுவலகத்திலும் என்னைப் போல் ஒருவர் இருப்பார்.

இருந்திருக்கிறார். துரைசாமி பதிலைப் போனில் படித்தான். மேனேஜரின் பரிந்துரை ஏற்கப்படவில்லை. விதி ஏழு (அ)-வின்படி விளக்கு தொடர்ந்து எரிய வேண்டும். கருவிக்குப் பொறுப்பாளராகப் பேச்சியம்மாள், ஓய்வுபெறும் நாள்வரை தொடர்வார். அதற்குக் கீழே, வேறு மையில், சிறிய கையெழுத்தில் ஒரு குறிப்பு:

"எட்டாம் பக்கம் இணைக்கப்படவில்லை. கோரப்படவும் இல்லை."

சன்னலோரம் எண்பது செல்கள் நின்றன. கடிதம் சின்னக்கானல் வந்து சேர்ந்தது மாசி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை.